ஆறாவது முகம்

காலை ஆறே முக்கால். சுற்றுச்சுவரில் ஏழு முகங்கள். ஆறாவது முகத்தின் பெயர் தேசம்மாள்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டி நிற்கும் வடசென்னைச் சாலை அது. அங்கே ஒரு வாரியக் குடியிருப்பின் மேற்குச் சுவர், பத்தடி உயரம். உள்ளே குடியிருக்கும் ஏழு பேரின் முகங்களை அதில் வரைந்திருந்தார்கள். ஆறு முகங்கள் எஸ்தர் வரைந்தவை. மீன் விற்கும் தேசம்மாளின் முகத்தை மட்டும் வேதமூர்த்தியிடம் விட்டிருந்தார்.

வேதமூர்த்திக்கு ஐம்பத்து நான்கு வயது. எஸ்தருக்கு முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்தவர், ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு எஸ்தரிடம் வந்து சேர்ந்தார். அவர் எஸ்தரை மாஸ்டர் என்பார். எஸ்தர் அவரை சார் என்பார். திட்டும்போதும் இது மாறாது.

எஸ்தருக்கு நாடகங்களுக்குத் திரையும் தட்டியும் எழுதுவது தொழில். சுவர் கிடைத்தால் சுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் ஊர் சுற்றுவதுதான். ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்குவார்கள். கடற்கரைச் சிலைகளின் தலையில் காக்கை எச்சம். ஓடாத மணிக்கூண்டு. சினிமாக் கொட்டகையை இடித்து எத்தனையோ வருடம் ஆகியும் அதன் பெயரைச் சொல்லியே டிக்கெட் கேட்கும் பயணிகள். பார்க்கலாம், வரையக் கூடாது என்பது எஸ்தரின் விதி.

ஒருநாள் மயிலாப்பூரில் ஒரு நாடக அரங்கின் பின்பக்கம் கூட்டிப்போனார். மேடையோரத் தட்டியில் எஸ்தர் எழுதிய நந்தவனம். அதில் தோள் உயரத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வண்ணம் போயிருந்தது. மேடையேறும் முன் நடிகர்கள் கை வைத்து நிற்கும் இடம்.

"தொட்டுச் சரிபண்ணிடலாமே, மாஸ்டர்?"

"அப்புறம் எங்க கை வைப்பாங்க, சார்?"

"அப்ப ஒரு படம் எப்பதான் முடியும்?"

பஸ் வந்துவிடும் என்று எஸ்தர் நடக்க ஆரம்பித்தார்.

இப்போது சொல்லும் ஞாயிறு 2021 டிசம்பர் 5. சுவருக்குச் செலவு செய்த அறக்கட்டளையிலிருந்து பத்து மணிக்கு மூன்று பேர் பார்க்க வருவதாக இருந்தது. ஆறாவது முகம் அவர்களுக்குப் பிடித்துப்போனால் ரயில் நிலையச் சுரங்கப்பாதை வேதமூர்த்திக்கு. அவர் பெயரில் முதல் சுவர். வேலையை விட்ட நாளிலிருந்து அவர் மனைவி இந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அன்று மட்டும் கேட்காமலே சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

வரைந்து முடித்து மூன்று வாரம் கழித்து, அந்தச் சட்டையோடு வந்து நின்றவர் கண்ணில் முதலில் பட்டது சுவரொட்டி. ஆறாவது முகத்தின் மூக்குக்குக் கீழிருந்து தாடை வரை மறைத்து ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. கன்னியப்பன், வயது 26. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன். கீழே நண்பர்களின் சின்னச் சின்னப் படங்கள்.

அந்த வாயில்தான் அவர் பன்னிரண்டு நாள் வேலை செய்திருந்தார். ஒரு பல் லேசாக முன்னால் துருத்திக்கொண்டு, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. எஸ்தரே அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுப் போயிருந்தார்.

"சாமி படம் போட்டிருந்தா ஒட்டியிருக்க மாட்டாங்க, வாத்தியாரே," என்றார் எதிரிலிருந்த டீக்கடைக்காரர். "மனுசன் மூஞ்சிதானேன்னு ஒரு தைரியம்."

வேதமூர்த்தி வாளியில் தண்ணீர் பிடித்துவந்து சுவரொட்டியின் மேல் ஓரத்தை நனைத்தார். மைதாப் பசை ஊறினால் தாள் முழுசாக வந்துவிடும். அவசரப்பட்டால் அடியிலுள்ள வண்ணத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

"வேணாம் வாத்தியாரே. உரிக்காத."

"உங்க கடை போர்டு மேல ஒட்டினா சும்மா இருப்பீங்களா?"

டீக்கடைக்காரர் சாலையைப் பார்த்தார். "அதோ மீன்காரம்மாவே வருது. அதையே கேட்டுக்க."

வலது மேல் மூலை உரிந்து தொங்கியது. அந்த நேரத்தில் எஸ்தர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தொங்கும் தாளைப் பார்த்தார், வேதமூர்த்தியைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

நடந்து வந்த தேசம்மாள் மீன் வைத்திருந்த அன்னக்கூடையை இடுப்பிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தார். சுவரில் இருப்பதைவிட முகம் சிறுத்திருந்தது.

"இன்னா வாத்தியாரே, புள்ளையத் தொங்க வுட்டுட்ட?"

வேதமூர்த்தி தாளிலிருந்த இளைஞனைப் பார்த்தார்.

"உங்க பையனா?"

"லாரி பின்னால வந்து இடிச்சிடுச்சு. நேத்துப் பதினாறாம் நாளு."

"எனக்குத் தெரியாதும்மா."

"உனக்கு எப்படித் தெரியும். நீதான் அவன் மூஞ்சியவே பாக்கலையே." தேசம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தார். "நீ நோட்டை வச்சிக்கினு என்னை வரையற. எனக்கு உர்ருனு வருது. உன் முதுகுக்குப் பின்னால நின்னுக்கினு என்னைச் சிரிக்க வச்சது யாருன்னு நெனைக்கற?"

வேதமூர்த்திக்குக் குரல் ஞாபகம் இருந்தது. யம்மா, வாத்தியாரு உன்னை ஹீரோயின்னு நெனச்சிக்கினாரு, கொஞ்சம் வெக்கப்படு. யாரோ வேலையைக் கெடுக்கிறான் என்று எரிச்சல் வந்ததும் ஞாபகம் இருந்தது. சிரிப்பைத் தவறவிடக் கூடாதென்று அவர் திரும்பவே இல்லை.

"அவனை எடுத்துக்கினு போனது இந்தச் சுவரு பக்கமாத்தான்," என்றார் தேசம்மாள். "ஊரே அழுதுக்கினு போவுது. நான் இங்க இம்மாம் பெருசா பல்லைக் காட்டிக்கினு நிக்கிறேன். தினமும் கூடையத் தூக்கிக்கினு வந்தா எதிர்ல நானே சிரிக்கிறேன். நீ நல்லாத்தான் வரைஞ்ச வாத்தியாரே. அதான் தொல்லை. அவன் சிநேகிதங்க கிட்ட நான்தான் சொன்னேன், இங்க ஒட்டுங்கடான்னு."

வேதமூர்த்தி அவசரமாகச் சொன்னார்: "வாயை மாத்திடறேம்மா. ரெண்டு மணி நேரம் போதும். மூடின வாயா வரைஞ்சிடறேன். அப்புறம் இது தேவைப்படாது."

தேசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூடிட்டா? அப்ப அவன் இருக்கச்சொல்ல நான் சிரிச்சதே இல்லைன்னு ஆயிடாதா? அது இருக்கட்டும். அவனுக்கு அடியில இருக்கட்டும்."

கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

எஸ்தர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். டீக்கடைக்குப் போய் ஒரு பிடி மைதாவும் வெந்நீரும் கேட்டார்.

"போண்டாவுக்கு வச்சிருந்த மாவும்மா," என்றார் டீக்கடைக்காரர். ஆனாலும் கொடுத்தார்.

எஸ்தர் டப்பாவில் பசை கிளறி, வேதமூர்த்தியின் பட்டைப் பிரஷ்ஷை அதில் தோய்த்து அவரிடமே நீட்டினார்.

"மேல் மூலையைப் பிடிச்சு ஒட்டுங்க, சார்."

"பத்து மணிக்கு அவங்க வந்துடுவாங்க, மாஸ்டர்."

"வரட்டும்."

"நான் வரைஞ்சதுல பாதி அடியில போயிடுச்சு. எனக்கு இது ஒரு சுவர்தான் இருக்கு."

"தெரியும்."

"அவங்க கேட்டா என்ன சொல்றது? முடியாத படம்னா?"

எஸ்தர் தாளின் கீழ் ஓரத்தை உள்ளங்கையால் நீவி, அடியிலிருந்த காற்றை வெளியேற்றினார்.

"நீங்க வரையும்போது அங்க ரெண்டு பேர் இருந்தாங்க, சார். ஒருத்தரைத்தான் வரைஞ்சீங்க. இன்னொருத்தரை அந்தம்மா கொண்டுவந்து வச்சிட்டாங்க."

வேதமூர்த்தி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையின் கையெல்லாம் பசை ஒழுகியது.

பத்து மணிக்கு வந்தவர்கள் கால் மணி நேரம் நின்றார்கள். ஆறாவதைத் தவிர மற்ற முகங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். சுரங்கப்பாதை வேறொருவருக்குப் போனது.

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, பழுதடைந்த கட்டடம் என்று அந்தக் குடியிருப்பை இடித்தார்கள். மேற்குச் சுவர் கடைசியாக விழுந்தது. இரண்டு மழைக்காலம் பார்த்த சுவரொட்டியில் முகம் வெளுத்துப்போய்ப் பெயர் மட்டும் தெரிந்தது. நான்கு மூலைகளும் ஒட்டியிருந்தன.