மூவேந்தர் டிஜிட்டல்ஸின் அணையாத கம்ப்யூட்டர்

ஒத்தப்பனைப்பாளையத்தில் மூன்று பேர் கூட்டாக ஒரு கடை திறந்தார்கள். மூன்று பேர் என்பதால் மூவேந்தர் டிஜிட்டல்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பேனரும் அழைப்பிதழும் வடிவமைத்துக் கொடுப்பது தொழில். சென்னியப்பன் கம்ப்யூட்டரில் வரைவான். தேவராசு கைவேலை தெரிந்தவன். நாச்சிமுத்து யோசிப்பான். யோசிப்பதற்கென்றே ஓர் ஆளை வைத்துக்கொண்ட கடை அந்தத் தெருவில் வேறு கிடையாது.

கம்ப்யூட்டருக்கான சாமான்களை ஈரோட்டில் அன்வர்தீன் பாய் கடையில் வாங்கினார்கள்.

"உக்காருங்க தம்பி, நானே மாட்டிக் குடுத்திடறேன்" என்றார் பாய்.

தேவராசு சிரித்தான். அக்கா கல்யாணத்துக்குத் தனித்தனிப் பலகையாக வந்த பீரோவை மாட்டியவன் அவன்தான். அந்த பீரோ இன்றைக்கும் நிற்கிறது, சுவரில் சாய்ந்தபடி.

புதுச் சாமானின் உறையைக் கிழிப்பது மூவருக்கும் ஆகாது. கடையின் நாற்காலிகள் வாங்கிய நாளின் பாலிதீனோடுதான் இருந்தன. வெயில் நேரத்தில் எழுந்தால் நாற்காலியும் கொஞ்ச தூரம் கூடவே வரும். கீபோர்டைப் பாலிதீனுக்கு மேலேயே தட்டினார்கள். அதில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது ஒரு மாதிரி மங்கலாகத் தெரியும்.

கம்ப்யூட்டரின் மூளை ஒரு சின்னச் சில்லு. அது சீக்கிரம் சூடாகும். சூட்டை இழுத்துக்கொள்ள அதன் தலையில் ஓர் அலுமினியக் கட்டியையும் ஃபேனையும் வைக்க வேண்டும். கட்டியின் அடிப்பக்கத்தில் மெல்லிய பிலிம் ஒன்று ஒட்டியிருந்தது. பிலிமில் இங்கிலீஷில் என்னவோ அச்சடித்திருந்தார்கள்.

"என்னடா போட்டிருக்குது?" என்றான் தேவராசு.

நாச்சிமுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். "கழட்டிடவும்னு போட்டிருக்குது."

"எப்பன்னு?"

"எப்பன்னு போடல."

"அப்ப அவசரமில்ல."

சூட்டைக் கடத்தும் பசையை தேவராசு அந்தப் பிலிமின் மேல் தடவினான். பளபளப்பான அலுமினியத்தில் பசை படாமல் பிலிம் காப்பாற்றியது. அதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று மூவருக்கும் அப்போது புரிந்தது. கட்டியைச் சில்லின் மேல் வைத்து முடுக்கினார்கள்.

கம்ப்யூட்டர் ஓடியது. சென்னியப்பன் முதல் காரியமாகத் திரை முழுக்க கோகிலவாணியின் போட்டோவைப் போட்டான்.

கோகிலவாணி அவனுக்குப் பார்த்திருந்த பெண். போட்டோவைப் பார்த்த நிமிஷமே அவன் சம்மதித்துவிட்டான். அவளும் சம்மதம் என்றாள். மிச்சம் இருந்தது அவளுடைய அப்பா வெள்ளியங்கிரி. வெள்ளகோவில் பக்கம் கொப்பரை காயவைக்கும் தேங்காய்க் களம் வைத்திருப்பவர். பையன் கம்ப்யூட்டர் தொழில் செய்கிறான் என்று தரகர் சொன்னபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கடைய நேர்ல வந்து பாப்பேன். ஒரு காப்பி குடிச்சு முடிக்கற நேரம், அந்த மிஷின் ஒழுங்கா இருக்கோணும். இருந்துச்சுன்னா பொண்ணு. இல்லீன்னா இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அணைந்தது. திரை கறுத்தது, கோகிலவாணியும் போய்விட்டாள். ஸ்விட்சைத் தட்டினால் வந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனாள். சில சமயம் தானாகவே அணைந்து தானாகவே எரிந்தது. காதுகுத்து பேனர் ஒன்றில் குழந்தையின் பெயரை அடித்து முடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் அணைந்துவிடும். குழந்தைக்குப் பெயர் நீளம். கொஞ்சம் சுருக்கித் தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தார்கள். பெற்றோர் சம்மதிக்கவில்லை.

பாய்க்கு போன் போட்டார்கள்.

"அணையறப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கவனிங்க தம்பி. அதுலதான் விஷயம் இருக்கு."

கவனித்தார்கள். அணைந்தபோது தேவராசு வறுகடலை தின்றுகொண்டிருந்தான். வறுகடலை நிறுத்தப்பட்டது. அடுத்த முறை, நாச்சிமுத்து கொட்டாவி விட வாயைத் திறந்து, மூடுவதற்குள் அணைந்தது. கொட்டாவி தடைசெய்யப்பட்டது. அதற்கடுத்து சென்னியப்பன் ஸ்கேலால் முதுகைச் சொறிந்தபோது அணைந்தது. ஸ்கேல் வெளியே போனது. கடைசியில் மூவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வந்த கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்போதும் அணைந்தது.

"யாரோ என்னமோ பண்ணியிருக்கீங்க" என்றான் நாச்சிமுத்து.

"நான் கண்ணைக்கூடச் சிமிட்டல" என்றான் சென்னியப்பன்.

"தேவராசு?"

"நானும் ஒண்ணும் பண்ணல."

"மனசுல?"

தேவராசு தலையைக் குனிந்தான். "நெனச்சேன்."

"என்னத்த?"

"புரோட்டா."

"சாதாவா, கொத்தா?"

"கொத்து."

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டான். "சாதாவா இருந்தாத் தாங்கியிருக்கும். அந்தக் கொத்தற சத்தத்துக்கு எந்த மிஷின்டா நிக்கும்?"

தேவராசு மன்னிப்புக் கேட்டான். அன்றைக்கு அவன் எதையும் நினைக்கவில்லை. அவனுக்கு அது சிரமமாகவும் இல்லை. ஆனாலும் அணைந்தது.

செவ்வாய்க்கிழமை பாய் கேட்டார்: "பெட்டியத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கா?"

"தோசை சுடலாமுங்க பாய்."

"அப்ப சூடுதான் பிரச்சினை. நல்லாக் காத்து வர்ற எடத்துல வைங்க."

நல்ல காற்று எங்கே வரும் என்பதில் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகமில்லை. ஊருக்குக் கிழக்கே பொட்டல் காட்டில் வரிசையாகக் காற்றாலைகள் நின்றன. காற்று இல்லாத இடத்திலா கோடி கோடியாகக் கொட்டி வைத்திருப்பார்கள்? மொபெட்டைச் சென்னியப்பன் ஓட்ட, தேவராசு பெட்டியைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொள்ள, நாச்சிமுத்து திரையைக் கட்டிப் பிடித்தபடி பஸ்ஸில் வந்து சேர்ந்தான்.

காற்று பிரமாதமாக இருந்தது. சென்னியப்பனின் வேட்டி ஒரு வேலிமுள்ளில் போய் மாட்டியது. கம்ப்யூட்டரை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பிளக் தேடினார்கள். காற்றாலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பிறகு இன்னொரு காற்றாலையைச் சுற்றினார்கள்.

"இவ்வளவு கரண்ட் செய்யற எடத்துல ஒரு பிளக் வைக்கல பாரு" என்றான் தேவராசு.

"செய்யறவன் வீட்டுல எப்பவும் இருக்காது" என்றான் நாச்சிமுத்து.

சாயங்காலம் வரை காற்று வாங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடையில் போட்டதும் அணைந்தது.

புதன்கிழமை பாய் கொஞ்சம் களைப்பாகப் பேசினார். "வேண்டாததை எல்லாம் கழட்டிருங்க தம்பி. அப்புறம் ஒவ்வொண்ணாச் சேத்துட்டே வாங்க. எதைச் சேத்தா அணையுதோ, அதுலதான் கோளாறு."

கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். காலண்டர் வேண்டாதது. தெருவுக்குப் போனது. நாற்காலிகள், மேஜை விசிறி, தண்ணீர்க் குடம் எல்லாம் தெருவுக்குப் போயின. கம்ப்யூட்டரும் மூவரும் மட்டும் மிஞ்சினார்கள். தரையில் குந்தியபடி ஆலோசனை நடந்தது.

"இன்னும் வேண்டாததுன்னு என்ன இருக்குது?" என்றான் சென்னியப்பன்.

இரண்டு பேரின் பார்வையும் தேவராசுவின் மேல் வந்து நின்றது.

"என்னைச் சொல்றயா?" என்றான் தேவராசு.

"யாரையும் சொல்லல. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

"மாட்டினவன் நான்."

"மாட்டியாச்சே. இனி உனக்கு என்ன வேலை?"

இது நியாயமாகப் பட்டதால் தேவராசு எழுந்து வெளியே போய்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றான். யோசிக்கிற ஆள் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும் என்று யோசித்துக் கண்டுபிடித்து நாச்சிமுத்துவும் போனான். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. காலண்டர் வந்தது; அணையவில்லை. குடம் வந்தது, அணையவில்லை. தேவராசு மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தான், அணையவில்லை. நாச்சிமுத்து வாசலில் வலது காலை வைத்தான். அணைந்தது.

யாரும் அவனைத் திட்டவில்லை. நாச்சிமுத்துவும் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டான்.

"எனக்கே கொஞ்ச நாளாச் சந்தேகம் இருந்துச்சு" என்றான்.

பாய்க்குச் சொன்னார்கள். "கோளாறு எதுலன்னு தெரிஞ்சு போச்சுங்க பாய்."

"அப்பாடா. அந்தச் சாமானைக் கழட்டிட்டு வேற ஒண்ணு போட்டுருங்க, தீந்தது" என்றார் பாய். எந்தச் சாமான் என்று அவர் கேட்கவில்லை.

நாச்சிமுத்துவுக்குப் பதிலாக வியாழக்கிழமை அவனுடைய தம்பி தங்கமுத்துவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தங்கமுத்து கறிக்கடை வைத்திருப்பவன். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் செய்ய வேண்டாம், நாச்சிமுத்து செய்ததைச் செய்தால் போதும் என்றார்கள். அவன் ஒன்றும் செய்யாமல் இருந்தான். காப்பி வருவதற்குள் அணைந்தது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து தலையை ஆட்டினான். "ரெண்டும் ஒரே கம்பெனி. அதே கோளாறுதான் இருக்கும்."

தங்கமுத்துவைத் திருப்பி அனுப்பினார்கள். பாய்க்கு போன் போட்டபோது, பெட்டியை அப்படியே கடைக்குத் தூக்கி வரும்படி சொன்னார். திறந்து பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை என்றார். ஆனால் சனி, ஞாயிறு கடை கிடையாது. மச்சினன் கல்யாணத்துக்குப் பாலக்காடு போகிறார். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

"பெட்டிய அங்க வெச்சுட்டு அவரு பாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டார்னா, ஞாயித்துக்கெழமை வெள்ளியங்கிரிக்கு எதைக் காட்டறது?" என்றான் சென்னியப்பன். அதனால் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சென்னியப்பன் சாப்பிடவில்லை. திரையில் கோகிலவாணி வருவாள், அவன் பார்ப்பான், போய்விடுவாள். ஒவ்வொரு முறையும் அவன் முகமும் ஒரு சுற்றுச் சின்னதானது.

"தரகர்கிட்டச் சொல்லிரலாம்" என்றான். "வர வேண்டாம்னு. எனக்குக் குடுத்து வெக்கல, அவ்வளவுதான்."

நாச்சிமுத்து அன்றைக்கு வாசலிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை.

"ஒண்ணு கேக்கறேன், நிதானமாச் சொல்லுங்க" என்றான் அங்கிருந்தே. "தேவராசு கடலை தின்னப்ப அணைஞ்சுதே. அப்ப கம்ப்யூட்டர் ஆன்ல இருந்துச்சா, ஆஃப்ல இருந்துச்சா?"

"ஆன்ல" என்றான் தேவராசு.

"நான் கொட்டாவி விட்டப்ப?"

"ஆன்ல."

"தங்கமுத்து உக்காந்திருந்தப்ப?"

"அப்பவும் ஆன்லதான்."

"காத்தாலைக்குக் கொண்டுட்டுப் போனமே. சாயங்காலம் வரைக்கும் பாறை மேலயே கெடந்துச்சு. ஒருக்காலாச்சும் அணைஞ்சுதா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்ல."

"அங்க அது ஆன்ல இருந்துச்சா?"

"இல்ல."

நாச்சிமுத்து எழுந்து வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். யாரும் தடுக்கவில்லை. "கடலையும் இல்ல, கொட்டாவியும் இல்ல, நானும் இல்ல. ஆன் பண்ணினா மட்டும்தான் அது அணையுது."

தேவராசு வெகுநேரம் கம்ப்யூட்டரையே பார்த்தான். "இத்தனை நாளா நாமளேதான் ஆன் பண்ணிப் பண்ணிக் கெடுத்திருக்கோம்."

சோதித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். தேவராசு துணிந்து வறுகடலை தின்றான். அணையவில்லை. சென்னியப்பன் முதுகைச் சொறிந்தான். அணையவில்லை. நாச்சிமுத்து வாயைப் பிளந்து ஒரு முழுக் கொட்டாவி விட்டான். கம்ப்யூட்டர் அப்படியே இருந்தது. சனிக்கிழமை முழுவதும் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். அசையவில்லை. அன்று ராத்திரி சென்னியப்பன் இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. பாலிதீன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். சரசரவென்று சத்தம் வந்ததும் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். காப்பி வந்தது.

"இதானா மிஷினு?"

"ஆமாமுங்க."

"இது நடுவுல நடுவுல அணையுதுன்னு பஸ்ஸ்டாண்டுல ஒருத்தன் சொன்னான். கறிக்கடைக்காரன்."

நாச்சிமுத்துதான் பதில் சொன்னான்.

"அது போன வாரமுங்க. கோளாறக் கண்டுபுடிச்சாச்சு. வெள்ளிக்கெழமைல இருந்து ஒருக்காக்கூட அணையலீங்க."

"ஒருக்காக்கூடவா?"

"எங்க முன்னால சத்தியமா அணையலீங்க" என்றான் தேவராசு. "ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பாத்தமுங்க."

வெள்ளியங்கிரி குனிந்து பெட்டியில் காதை வைத்தார். "சத்தமே இல்ல."

"இருக்காதுங்க."

புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு இருக்குது."

"இப்ப எப்பவுமே அப்படித்தானுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து காப்பியை ஆற்ற ஆரம்பித்தார். மெதுவாகக் குடிக்கிறவர். சென்னியப்பன் டம்ளரைப் பார்ப்பதும் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுமாக நின்றான். முக்கால் டம்ளர் ஆயிற்று. பாதி ஆயிற்று.

அப்போது கரண்ட் போனது.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றி ஓய்ந்தது. டியூப்லைட் அணைந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மெஷின் பாதித் தாளோடு நின்றது. எதிரே மாவு மில் முனகி அடங்கியது. டீக்கடை டிவியில் பேசிக்கொண்டிருந்த ஆள் வாக்கியத்தை முடிக்காமல் போனான். தெரு முழுக்கச் சத்தம் செத்தது.

கடைக்குள் நான்கு பேரும் மெல்லத் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள்.

அது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

வெள்ளியங்கிரி எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெருவே அணைஞ்சு போச்சு" என்றார். "இது மட்டும் அசையல."

அவர் நாற்காலியைச் சென்னியப்பன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்தார்.

"நம்ம களத்துல தண்ணி மோட்டார் ஒண்ணு இருக்குது. கரண்ட் போனாப் போதும், அதுவும் நின்னு போயிரும். எத்தனையோ பேரைக் கூட்டிட்டு வந்து காட்டியாச்சு. அதையும் இந்த மாதிரி பண்ணிக் குடுக்க முடியுங்களா, மாப்ள?"

சென்னியப்பன் நாச்சிமுத்துவைப் பார்த்தான். நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தலையசைத்தான்.

"பண்ணிரலாமுங்க மாமா" என்றான் சென்னியப்பன். "வீட்டுக்குப் போன் போட்டு, நாங்க வர்ற வரைக்கும் யாரும் ஆன் பண்ண வேண்டாம்னு மட்டும் சொல்லிருங்க."