சேறு பூசிய மரியாதை

குளக்கரை நாவல் மரத்தடிக்கு அன்று வந்தவர்கள்: முயல் தாவன், அவன் மனைவி பவளி, அவர்கள் மகன் பஞ்சு, முள்ளம்பன்றி சிலும்பன், அவன் மனைவி வடிவு, அவர்கள் மகள் குச்சி. ஆக ஆறு பேர். நடுவில் ஒரு தேக்கிலை. அதில் பன்னிரண்டு நாவற்பழங்கள்.

முதல் நாள் விளையாட்டில் குச்சியின் முள் பஞ்சுவின் காதைக் குத்திவிட்டது. பிள்ளைகள் சண்டை போட்டால் இரண்டு வீட்டாரும் ஒரே இலையில் பழம் தின்று பேசித் தீர்க்க வேண்டும். இது அந்தக் கரையின் வழக்கம். இலையில் ஒரு பழம் மிஞ்சினாலும் சமாதானம் ஆகவில்லை என்று பொருள். பிற்பாடு குடிவந்த வீட்டார் கரையை விட்டுப் போக வேண்டும்.

பிற்பாடு வந்தது வடிவின் குடும்பம். பழைய வளை வெள்ளத்தில் போய்விட்டது. புது வளையை இப்போதுதான் தோண்டி முடித்திருந்தாள். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில் வீடு போய்விடக் கூடாதே! அதனால், மரியாதையாகத் தெரியட்டும் என்று தன் முட்களிலும் கணவன் முட்களிலும் சேறு பூசி, படிய வாரிவிட்டு வந்திருந்தாள்.

"பிள்ளைங்கன்னா அப்படித்தான் அண்ணி! பழம் எடுத்துக்குங்க!" என்றாள் பவளி, காதுகளை அடக்கமாக மடித்துக்கொண்டு.

"நீங்க முதல்ல எடுங்க அண்ணி!" என்றாள் வடிவு.

"சேச்சே, நீங்கதான் முதல்ல!"

இப்படியே வெகுநேரம் போனது. ஒருவழியாக ஆளுக்கு ஒரு பழம் தின்று, கொட்டையை இலை ஓரத்தில் வைத்தார்கள். சிலும்பன் மட்டும் இன்னொன்றையும் வாயில் போட்டு, மடக்கென்று விழுங்கினான்.

"ரெண்டா!" என்றான் தாவன்.

"சமாதானம் சீக்கிரம் ஆகட்டும்னுதான்!"

"குத்தினவங்க வீட்டுக்குப் பசி கொஞ்சம் அதிகம்போல!"

காற்றில் சேறு காய்ந்திருந்தது. சிலும்பன் முதுகிலிருந்து ஒரு பொருக்கு உதிர்ந்தது. ஒரு முள் எழுந்தது. வடிவு அதை அவசரமாக அமுக்கினாள். பக்கத்தில் இன்னொன்று எழுந்தது.

"அவ்வளவு நீளக் காதை எங்கே வெச்சுக்கணும்னு பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கலையா?" என்றான் சிலும்பன்.

தாவன் பின்காலால் தரையில் ஓங்கி அடித்தான். தப்! தப்!

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் பவளி. "நேத்து நரி வந்தப்ப இந்தக் காலு எங்கே போச்சு? எங்களை விட்டுட்டு முதல்ல ஓடினது நீங்கதானே!"

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்டுலயும் அப்படித்தான் அண்ணி! வளையைத் தோண்டினது நான். இவர் வாசல்ல நின்னு அளவு சொன்னார்!"

"அதான் அளவு தப்பிப்போச்சு! வளையா அது? பொந்து!" என்றாள் பவளி.

வடிவின் சேறு முழுதும் பொலபொலவென்று கொட்டியது. முட்கள் கலகலத்து நின்றன.

"புல்லுக்குள்ள படுத்துத் தூங்கறவங்களுக்கு வளையைப் பத்தி என்ன தெரியும்!"

நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யார் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

திடீரென்று வடிவுக்கு இலை ஞாபகம் வந்தது. அதில் இன்னும் ஐந்து பழங்கள் இருக்குமே! தன் வாயாலேயே வீட்டைக் கெடுத்துக்கொண்டோமே! பதறித் திரும்பினாள். இலையையே காணோம்.

மரத்துக்குப் பின்னால் ஓடிப் பார்த்தாள். பஞ்சுவும் குச்சியும் இலையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாக்கும் ஊதா நிறம். கடைசிப் பழத்தில் பாதியைக் கடித்த குச்சி, மீதியைப் பஞ்சுவிடம் நீட்டினாள்.

"காது வலிக்குதா?"

"நேத்து வலிச்சுது. பழத்தைக் குடு!"

பின்னாலேயே வந்த பவளியும் அதைப் பார்த்தாள். மழையின் முதல் துளி விழுந்தது.

"அண்ணி," என்றாள் பவளி, மெதுவாக. "உங்க வளையில எங்களுக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா?"

"பொந்துதானே!" என்றாள் வடிவு. பிறகு முட்களை மடக்கிக்கொண்டு வழிவிட்டாள். "நனையாம வாங்க."

மேலே பூசிய மரியாதை காய்ந்தால் உதிர்ந்துவிடும். மனத்தில் பகை வைக்காதவர்களே சண்டையை முடிக்கிறார்கள்.

இலையில் மிஞ்சிய பழம் ஒன்றும் இல்லை. மிஞ்சிய கொட்டைகள், சிலும்பன் விழுங்கியது போக, பதினொன்று.