பதரைத் தள்ளிய வேம்பி

அந்தக் காலத்தில் எறும்புகள் வாய் ஓயாமல் பேசின. பேசியதை எல்லாம் சேர்த்தும் வைத்தன. நெல்மணி வைத்தால் ‘ஆம்’, பதர் வைத்தால் ‘இல்லை’. இப்படி எட்டை வரிசையாக அடுக்கினால் ஓர் எழுத்து. கிடங்கை நம்பி எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை; ஒரு வார்த்தை மறந்துபோனால் அங்கே போய்ப் படித்துக்கொண்டு வந்துவிடலாம்.

கிடங்கைக் காத்தவள் வேம்பி. ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அவள் அக்கா நாச்சி போன மழையில் வாய்க்காலோடு போய்விட்டாள். கடைசியாக நாச்சி அவளிடம் சொன்னது கிடங்கின் மூலையில் இருந்தது. நாளுக்குப் பத்துத் தடவையாவது ஓடிப்போய் அதைப் படித்தால்தான் வேம்பிக்கு மூச்சு வரும்.

அந்த வருஷமும் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கிடங்கை மேட்டுக்கு மாற்றியாக வேண்டும். வரப்பில் வளை தோண்டும் நண்டு சேற்றானிடம் ஓடினாள்.

“அண்ணே, மேட்டுல ஆயிரம் அறை வேணும். அறைக்கு ஆயிரம் எழுத்து கொள்ளணும். மழைக்கு முன்னாடி ஆகுமா?”

“ஆச்சுன்னு வெச்சுக்க தாயி,” என்றான் சேற்றான்.

சொன்னபடி தோண்டியும் முடித்தான். எறும்புகள் சாரை சாரையாகச் சுமந்து வந்து அடுக்கின. முதல் அறையிலேயே இருபத்து நான்கு எழுத்துக்கு இடம் இல்லை. அடுத்ததிலும் அப்படியே. கடைசியில் பார்த்தால், இவை போக இருபத்து நான்கு அறைச் சரக்கு முழுசாக வெளியே கிடந்தது. நாச்சியின் வார்த்தைகளும் அதில்தான் இருந்தன. கைவிட மனமில்லாமல் வேம்பி அவற்றைக் கடைசியாகக் கொண்டுவந்திருந்தாள்.

“ஏமாத்திட்டீங்களே அண்ணே.”

“நானா? பத்துக் காலையும் நீட்டி எண்ணுனேன். பத்துப் பத்து நூறு, பத்து நூறு ஆயிரம். நீ எப்படி எண்ணுன?”

“எங்களுக்கு உணர்கொம்பு ரெண்டுதானே. ஒன்னை ரெண்டாக்குவோம், ரெண்டை நாலாக்குவோம். பத்துத் தடவை இரட்டிச்சா வர்றதுதான் எங்க ஆயிரம்.”

“அது ஆயிரத்து இருபத்து நாலு ஆச்சே தாயி.”

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இந்த வழக்கு இன்னும் தீரவும் இல்லை. பென்டிரைவ் அட்டையில் அறுபத்து நான்கு ஜிபி என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் செருகினால் ஐம்பத்தொன்பது சொச்சம் என்று காட்டும். மீதியைக் கடைக்காரர் தின்றுவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அட்டையில் இருப்பது நண்டுக் கணக்கு, கம்ப்யூட்டர் காட்டுவது எறும்புக் கணக்கு.

முதல் துளி விழுந்தது.

“இனிமே தோண்ட நேரம் இல்ல,” என்றான் சேற்றான். “உள்ள கெடக்கறதுல பாதி வெறும் பதருதானே? அதைத் தள்ளிட்டா எல்லாம் கொள்ளும்.”

பதரும் எழுத்தில் பாதி என்பது வேம்பிக்குத் தெரியாததா? ஆனால் துளி தலையில் விழும்போது அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நனைகிற நாச்சியின் வார்த்தைகள்தான்.

“தள்ளுங்கடி,” என்றாள்.

பதர் அத்தனையும் வாசலுக்கு வந்தது. நாச்சியின் வார்த்தைகள் பத்திரமாக உள்ளே போயின.

மழை விட்டதும் வேம்பி நாச்சியின் வார்த்தைகள் இருந்த அறைக்கு ஓடிப் படித்தாள். ஆம். ஆம். ஆம். முழுக்க நெல். எங்கெங்கே ‘இல்லை’ இருந்தது என்று தெரியவில்லை. அறை அறையாக ஓடிப் பார்த்தாள். ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை. தன் வாயால்தான் கெட்டது என்று அவள் அழுத அழுகை கொஞ்சம் இல்லை.

பிறகு வெளியே பாய்ந்து, எதிரே வந்தவளை எல்லாம் நிறுத்தி, முகத்தைத் தொட்டுக் கேட்டாள்: “நாச்சியக்கா சொன்னது ஒனக்கு ஞாபகம் இருக்கா?”

யாருக்கும் இல்லை. நாள் போகப் போக எறும்புகளுக்கு ஒவ்வொரு வார்த்தையாக மறந்தது. போய்ப் படித்துக்கொள்ள இடம் இல்லை. ஒருநாள் வேம்பி ஒருத்தியை நிறுத்தி முகத்தைத் தொட்டாள். என்ன கேட்க வந்தோம் என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

அன்று முதல்தான் எறும்புப் புற்றின் வாசலில் பதர் குவிந்து கிடக்கிறது. எறும்பும் எதிரே வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி, முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடுகிறது.