அம்சவேணி கேட்ட பலம்

"இந்த வயசுல பலம் வருமா, மாஸ்டர்?"

கேட்டவள் அம்சவேணி. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குள் நுழைவதுபோல ரப்பர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

பிரமிளா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு காலத்தில் மாநிலத்துக்காகப் பளு தூக்கியவள். இப்போது மாவு மில்லுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கூடத்தில், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வயதில் அம்சவேணிக்கு மகளாக இருக்கலாம். ஆனால் அங்கே வருகிற எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான்.

பிரமிளா வயதைக் கேட்கவில்லை.

"பலம் எதுக்கும்மா?"

"ஒரு ஆளைத் தூக்கணும்."

"யாரை?"

"எங்க வூட்டுக்காரரை."

கூடத்தின் மறுபக்கம் யாரோ இரும்பைத் தரையில் போட்டார்கள். அம்சவேணி திடுக்கிட்டு, பிறகு சொன்னாள்.

அவள் கணவர் முனிரத்தினம் அரசாங்க பஸ் டிரைவர். வேலூரிலிருந்து திருப்பதி வண்டி ஓட்டியவர். பவர் ஸ்டியரிங் வராத காலம். வளைவுகளில் வண்டியைத் தோளால் திருப்ப வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தோள் குறையவில்லை.

போன ஆடியில் வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டு வந்த சொற்கள் எதிரில் இருப்பவர்களுக்குப் புரியவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

"தூக்கி வைக்க ஆள் இல்லையா?"

"எட்வின்னு ஒருத்தர் வராரு. காலையில கட்டில்லேர்ந்து தூக்கி நாற்காலியில உக்கார வெப்பாரு. சாயந்தரம் திரும்பப் படுக்க வெப்பாரு. நல்ல மனுஷன். அலுங்காம தூக்குவாரு."

"அப்புறம் என்ன?"

அம்சவேணி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அவரு தூக்கும்போது இவரு கண்ணை மூடிக்கிறாரு, மாஸ்டர்."

 பிரமிளா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

"எழுந்திரிங்க."

தொடையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"கை ஊனாம."

முயன்றாள். பாதி எழுந்து பொத்தென்று விழுந்தாள்.

"நாளைக்கு வாங்க" என்றாள் பிரமிளா.

காலையில் எட்வின் வந்ததும் அம்சவேணி கிளம்பிவிடுவாள். கோயிலுக்குப் போவதாகக் கணவரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை.

கூடத்தில் அதே நாற்காலி. உட்கார், எழு. சுவரில் கை வைத்துத் தள்ளு. மறுபடி உட்கார், எழு.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"தூக்கச் சொல்லிக் குடுங்கன்னு வந்தேன். உக்காரச் சொல்லிக் குடுக்கறீங்களே."

"இப்ப யாரைத் தூக்கறீங்க?"

"யாரையும் தூக்கலையே."

"நாற்காலியிலேர்ந்து எழுந்தது யாரு?"

அம்சவேணி மறுபடி உட்கார்ந்தாள்.

இன்னொரு நாள் பிரமிளா கேட்டாள்.

"என்ன சாப்பிடறீங்க?"

"என்ன மிஞ்சுதோ அது."

"வீட்டுல முட்டை வாங்கறீங்களா?"

"வாங்கறேன். அவருக்கு."

"உங்களுக்கு?"

கேள்வியே புரியாதவள்போலப் பார்த்தாள் அம்சவேணி.

மறுநாள் தனக்கென்று ஒரு முட்டையை வேகவைத்தாள். வாழ்நாளில் முதல் தடவை. அடுப்படியில் நின்றபடியே, யாருக்கோ தெரியாமல் தின்பதுபோல அவசரமாகத் தின்றாள்.

ஐப்பசி மழை தகரக் கூரையில் இரைந்தது. நின்றது. பனி வந்தது. ஒரு காலையில் அம்சவேணி கையை ஊன்றாமல் எழுந்தாள். எழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பிரமிளா ஒரு மணல் மூட்டையை இழுத்து வந்து பெஞ்சின்மேல் நிறுத்தினாள்.

"கட்டிப் பிடிங்க. முதுகால தூக்கக் கூடாது. காலால தூக்கணும்."

முதல் மூட்டை சின்னது. அப்புறம் பெரியது. அதற்கப்புறம் அதைவிடப் பெரியது.

ஒரு நாள் பிரமிளா திரும்பிப் பார்த்தபோது, அம்சவேணி மூட்டையைத் தூக்காமல் வெறுமனே கட்டிக்கொண்டு நின்றாள். கன்னம் சாக்கின்மேல் சாய்ந்திருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

பிறகு அவளே சொன்னாள்.

"அவரு நின்னா, என் தலை அவரு சட்டைப் பை வரைக்கும்தான் வரும், மாஸ்டர். எது பேசறதுன்னாலும் அண்ணாந்துதான் பேசணும். கழுத்து வலிக்குதுன்னு திட்டிக்கிட்டே இருப்பேன்."

சாக்கின்மேல் விரலை ஓட்டினாள்.

"இப்ப எப்பவும் மேலேர்ந்து பாக்கறேன். அவரு உச்சந்தலையில வழுக்கை விழுந்திருக்குது. அதுகூட எனக்குத் தெரியாது இத்தனை நாளா."

மூட்டையை விட்டு விலகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தூக்குங்க" என்றாள் பிரமிளா.

தூக்கினாள்.

மாசியில் எட்வின் தங்கை கல்யாணத்துக்கென்று விடுப்பு எடுத்தார். மாற்றாள் அனுப்புகிறேன் என்றார். அம்சவேணி வேண்டாம் என்றுவிட்டாள்.

அன்று காலை கணவரின் கட்டிலருகே வந்து நின்றாள். நாற்காலியைச் சரியாகத் திருப்பி வைத்தாள். அவரை ஓரத்துக்கு நகர்த்தி உட்கார வைத்தாள். தன் முழங்காலை அவர் முழங்காலோடு அணைத்தாள். இரண்டு கைகளையும் அவர் முதுகுக்குப் பின்னால் கோத்தாள்.

முதுகால் அல்ல, காலால்.

முனிரத்தினம் எழும்பினார். ஒரு கணம் அவர் முழு பாரமும் அவளிடம் இருந்தது. திரும்பினாள். மெதுவாக நாற்காலியில் இறக்கினாள்.

மூச்சு வாங்கியது. சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

கண்கள் மூடியிருந்தன. எட்வின் தூக்கும்போது மூடுவதைவிட இறுக்கமாக.

பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

"தூக்கிட்டேன், மாஸ்டர்."

பிரமிளா அவள் முகத்தைப் பார்த்தாள். அது தூக்கியவள் முகமாக இல்லை.

"எனக்கும் கண்ணை மூடிக்கிட்டாரு. என் கை நடுங்கிச்சா? கீழ போட்டுடுவேன்னு பயந்துட்டாரா? இன்னும் பலம் வரணுமா?"

பிரமிளா துண்டில் கையைத் துடைத்தாள். அருகில் வந்தாள். ஒரு கையை அம்சவேணியின் முதுகில் கொடுத்தாள். இன்னொரு கையை முழங்காலுக்குப் பின்னால் கொடுத்தாள்.

தூக்கினாள்.

காலுக்கடியில் தரை போயிற்று. புடவை கணுக்காலுக்கு மேல் ஏறியது. பளு தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அம்சவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிரமிளா உடனே இறக்கவில்லை. அப்படியே நின்றாள். பிறகு பூவை வைப்பதுபோல இறக்கி வைத்தாள்.

அம்சவேணிக்கு உடம்பெல்லாம் கூசியது. புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னா மாஸ்டர் இது? கேக்காம கொள்ளாம! இத்தினி பேர் எதிர்ல!"

"அலுங்காமத்தானே தூக்கினேன்?" என்றாள் பிரமிளா.

அம்சவேணி திரும்பி நடந்தாள். 

வாசலில் செருப்பைத் தேடினாள். இடது காலுக்கு வலதை மாட்டி, கழற்றி, சரியாக மாட்டிக்கொண்டு போனாள்.

சாயந்தரம் அவரைத் திரும்பப் படுக்க வைக்க வேண்டிய நேரம். அவள் எதிரில் வந்து நின்றதும் முனிரத்தினம் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் தொடவில்லை.

கொஞ்ச நேரமாயிற்று. ஏன் இன்னும் தூக்கவில்லை என்று பார்க்க அவர் கண்ணைத் திறந்தார்.

அம்சவேணி தன் முன்கையை அவருடைய இடது கைக்கு அருகில் நீட்டியிருந்தாள். நல்ல கை அது.

"நான் கோயிலுக்குப் போகலீங்க" என்றாள். "உங்களைத் தூக்கறதுக்குக் கத்துக்கப் போனேன். கத்துக்கிட்டேன். நீங்க வேணும்னா இதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிங்க."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் நின்றாள். தெருவில் பால்காரர் சைக்கிள் போயிற்று. அவர் திரும்பவில்லை.

வெளிச்சம் குறைந்தது. அவள் விளக்கைப் போட்டுவிட்டு வந்து குனிந்தாள்.

"தூக்கட்டுங்களா?"

இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை.  அவர் மோவாய் கொஞ்சம் அசைந்தது.

தூக்கினாள்.

எட்வின் திரும்பி வந்தார். காலை வேலை அவருடையது, சாயந்தரம் தன்னுடையது என்று அம்சவேணி பிரித்துக்கொண்டாள். ஒவ்வொரு சாயந்தரமும் கையை நீட்டினாள். ஒவ்வொரு சாயந்தரமும் அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவள் கேட்டாள். மோவாய் அசைந்தது. தூக்கினாள்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது.

கூடத்தில் அம்சவேணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கையை நீட்டிக்கிட்டே நிக்கறேன், மாஸ்டர். பிடிக்க மாட்டேங்கறாரு."

"கை வலிக்குதா?"

"கை வலிக்கல."

  இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாவு மில் ஓடுகிற சத்தம் சுவர் வழியாக வந்தது.

"இவ்வளவு பலத்தை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் அம்சவேணி, தனக்குள் பேசுவதுபோல.

பிரமிளா எழுந்து வாசல் கதவை அகலத் திறந்துவிட்டாள். காற்று வந்தது.

"வீட்டுக்குப் போங்க. சாயந்தரம் ஆகப் போகுது."

அப்போது காலை பத்து மணிகூட ஆகவில்லை. ஆனால் அம்சவேணி மறுபேச்சில்லாமல் எழுந்தாள்.

அன்று சாயந்தரமும் அவள் கையை நீட்டினாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். துணியெல்லாம் எடுத்து முடித்து அந்த ஆள் உள்ளே போனபின்பும் அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்சவேணி 'தூக்கட்டுங்களா' என்று கேட்க வாயெடுத்தாள்.

அவள் முன்கையின்மேல் அவர் கை விழுந்தது.

அது நோயாளியின் கையாக இல்லை. வளைவுகளில் வண்டியைத் திருப்பிய கை. எலும்புவரை இறுகியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இழுத்தார்.

நாற்காலி கிரீச்சிட்டது. அவர் உடம்பு இருக்கையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது. நல்ல கால் தரையைத் தேடியது. நெற்றி நரம்பு புடைத்தது. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இழுத்த வேகத்தில் அவள் பாதம் நழுவியது. முன்னால் சரிந்தாள். அவர் நாற்காலியில் திரும்ப விழுந்தார். அவள் அவர் மடிமேல் விழாத குறை.

இருவருக்கும் மூச்சு இளைத்தது.

"போதுங்க" என்றாள் அவள். "இன்னிக்கு இதுவே போதும்."

அவர் கையை விடவில்லை.

உதடுகள் அசைந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அத்தனை மாதத்துக்குப் பிறகு வரும் சொல், தடுக்கித் தடுக்கி வந்தது. அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

டிக்கெட் போடாமல் தூங்கும் கண்டக்டரை அதட்டும் குரல் அது.

"ஆடாம நில்லுடி."

அம்சவேணி புடவையைத் தூக்கிச் செருகினாள். கால்களை அகல ஊன்றி நின்றாள்.