தலைவர்களை அளந்த கோல்

ரேக்ளா பந்தயத்துக்கு இரண்டு சங்கம், குதிரையின் உயரத்தை அளக்க ஆளுக்கொரு அளவுகோல். வண்டிக்காரன் இருளாண்டியின் குதிரை, வடக்குச் சங்கக் கோலில் பெரிய குதிரை. தெற்குச் சங்கக் கோலில் சின்னக் குதிரை.

"சின்னக் குதிரைப் பந்தயத்துல ஓட்டினா உனக்குத் தடை!" என்றார் வடக்குத் தலைவர்.

"பெரிய குதிரைப் பந்தயத்துல ஓட்டினாலும் தடை!" என்றார் தெற்குத் தலைவர்.

இருளாண்டி தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்காதீங்கய்யா. உங்க உங்க கோலால உங்களையே அளந்து காட்டுங்க. எந்தக் கோல் சரின்னு ஊரே சொல்லிரும்."

கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியுமா? நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். கட்டையான வடக்குத் தலைவர் ஏழடி இருந்தார். பனைமரம் மாதிரி இருந்த தெற்குத் தலைவர் நாலடிதான்.

களமே சிரித்தது. கடைசியில் டெய்லர் டேப்பால் அளந்தார்கள். சின்னக் குதிரைதான். ஓடி ஜெயித்தும் விட்டது.

கோப்பையைக் கொடுக்க இரண்டு தலைவர்களும் முண்டியடித்தார்கள்.

"ரெண்டு பேர்ல உசரமானவரு குடுங்கய்யா" என்றான் இருளாண்டி.