சாத்தனுக்கு என்ன பரிசு?

பவளக்குன்றத்து ராஜா மாறவேளிடம் முப்பது யானைகள். முப்பதுக்கும் லத்தி அள்ளுகிறவன் சாத்தன். தெருவில் அவன் வந்தால் ஊரே மூக்கைப் பொத்தும். அவனோ அள்ளும் லத்தியைப் பிட்டுப் பார்த்து, எந்த யானைக்கு வயிறு சரியில்லை, எது தண்ணீர் போதாமல் தவிக்கிறது என்று பாகர்களுக்குச் சொல்லிவிடுவான்.

ஒருநாள் பட்டத்து யானையின் லத்தியில் மெல்லாத நார் நீளநீளமாகக் கிடந்தது. பதறிப்போன சாத்தன், கைகூடக் கழுவாமல் சபைக்கு ஓடினான். அவன் வாய் திறக்குமுன் அமைச்சர் மருதமாணிக்கம் அவனை வெளியே தள்ளச் சொன்னார். நாற்றம் உள்ள எவரும் அரண்மனை வாசலைத் தாண்டக் கூடாதென்று ராஜாவிடம் ஆணையும் வாங்கினார். அதை நிறைவேற்றும் வேலை விகடகவி நன்னாகனிடம் வந்தது.

வெளியே கலங்கி நின்ற சாத்தனிடம் நன்னாகன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை பூக்காரர்களையும் சந்தனம் அரைப்பவர்களையும் வாசலிலேயே நிறுத்தினான். புனுகு பூசி வந்த அமைச்சரையும் விடவில்லை. கூச்சல் கேட்டு ராஜாவே வந்தார்.

"பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தானே, மகாராஜா? ஆணையில் விலக்கு ஏதும் இல்லை" என்றான் நன்னாகன்.

"லத்தியும் புனுகும் ஒன்றா?" என்று சீறினார் அமைச்சர்.

"ஒன்றில்லைதான். யானையின் பின்புறத்திலிருந்து வருவதைச் சாத்தன் அள்ளி வெளியே கொட்டுகிறான். புனுகுப்பூனையின் பின்புறத்திலிருந்து வருவதைத் தாங்கள் முகத்தில் பூசிக்கொள்கிறீர்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சாத்தன் ஓடிவந்த காரணத்தை நன்னாகன் சொல்ல, சிரிப்பு நின்றது. வைத்தியர் போய்ப் பார்த்தார். யானையின் கடைவாய்ப்பல் உடைந்து, ஈறு சீழ் பிடித்திருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் யானை பிழைத்திருக்காது.

ராஜா சாத்தனை அழைத்து, பூமண்டபத்தில் மேற்பார்வை வேலை தருவதாகச் சொன்னார். சாத்தனின் முகம் வாடிவிட்டது.

"பூ எனக்கு ஒன்றும் சொல்லாது, மகாராஜா. லத்தியைப் பார்த்தால் யானைக்கு எங்கே வலிக்கிறதென்று தெரியும். அந்த வேலையிலேயே விட்டுவிடுங்கள்."

ராஜா திகைத்துப்போய் நன்னாகனைப் பார்த்தார். "இவனுக்கு வேறென்னதான் பரிசு கொடுப்பது?"

"இன்னும் பத்து யானை வாங்குங்கள், மகாராஜா."

சபையே சிரித்தது. சாத்தன் மட்டும் சிரிக்கவில்லை. எப்போது வரும் என்று ஆவலோடு கேட்டான்.