தணிகாசலத்தின் காணிக்கை

மலையடிவாரத்தில் தண்ணீர் பாட்டில் கம்பெனி வைத்திருந்த தணிகாசலம், தீட்சை கேட்டு மறுபடியும் மலை ஏறி வந்தார். போன தடவைகளில் எல்லாம் மலைமேல் ஆசிரமத்தை நடத்தும் பூரணி அம்மா "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் இந்தத் தடவை காணிக்கையும் வந்தது. வேன் நிறையப் பாட்டில்கள்.

"கனிமச் சத்து சேர்த்தது, அம்மா. ஒவ்வொரு துளியும் தூய்மை," என்றார், விளம்பரத்தில் பேசுகிறவரின் குழைவோடு.

"நல்லது. கிணற்றில் குளித்துவிட்டு வாருங்கள். தீட்சை தருகிறேன்."

குளித்துவிட்டுத்தான் தீட்சை. அந்த ஆசிரமத்து வழக்கம் அது.

தணிகாசலம் வாளியை இறக்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 'டங்' என்று பாறைச் சத்தம்.

"கயிறு பத்தலேன்னா வேட்டியையும் சேர்த்து முடிஞ்சு விடுங்க, முதலாளி," என்றாள் சமையல்கார செல்லக்கிளி.

"எப்போதிலிருந்து இப்படி?"

"கீழே உங்க போர் மோட்டார் 'ர்ர்ர்ர்'னு ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து. நேத்தோட கஞ்சி காய்ச்சுறதும் நின்னுபோச்சு."

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். தீட்சையை விட மனமில்லை. வேனுக்குப் போய்ப் பாட்டில்களை அள்ளிவந்து, 'படக், படக்' என்று மூடி திறந்து தலையில் ஊற்றிக்கொண்டார்.

"காலி பாட்டிலை என்ன செய்யறது, முதலாளி?"

"தூக்கிப் போடு."

"எங்கே?"

அவர் மலையைச் சுற்றிப் பார்த்தார். ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போனார்.

"குளித்தாயிற்று, அம்மா. நான் எதை விட வேண்டும், சொல்லுங்கள். எதுவானாலும் விடுகிறேன்."

"கிணற்றுத் தண்ணீரில்தானே குளித்தீர்கள்?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"கிணறு வற்றிக் கிடக்கிறது. என் பாட்டில் தண்ணீரில்தான் குளித்தேன்."

"அப்படியானால் சரி. அதுவும் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்."

அடிவாரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

பூரணி அம்மா ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். கீழே நீங்கள் இறைத்த மீதித் தண்ணீரையும் கிணற்றுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்."